எங்கள் கூலியில் வீட்டுக்கு இடமில்லை

வாடகை ஐந்தாம் தேதி. சம்பளம் ஏழாம் தேதி, சில மாசம் பத்தாம் தேதி. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் யாரிடமாவது கைமாற்று வாங்காமல் எனக்கு ஒரு மாசமும் கழிந்ததில்லை. ஆயிரம் பேருக்குக் குறைவாக ஆள் இருக்கும் கம்பெனி ஏழாம் தேதிக்குள், அதற்கு மேல் இருந்தால் பத்தாம் தேதிக்குள் சம்பளம் போட வேண்டும் என்று 1936லேயே சட்டம் எழுதி வைத்தார்கள். ஹவுஸ் ஓனருக்கு அதெல்லாம் ஒரு பேச்சா? ஆறாம் தேதி காலையில் மோட்டார் ஓடாது. திட்டமாட்டார், சத்தம் போடமாட்டார். "மோட்டார் ரிப்பேர்மா" என்பார். குடத்தை எடுத்துக்கொண்டு நானும் மகளும் தெருக்குழாய்க்கு ஓடுவோம். வாடகை அவர் கைக்குப் போன அன்று சாயங்காலமே மோட்டார் ஓடும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். சட்டைக்குக் காலர் வைப்பது என் வேலை. கல்யாணத்துக்கு முன்னாடியே மெஷினில் உட்கார்ந்தவள். இன்று என் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதிப் போட்டிருப்பார்கள். குறைந்தால் சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்பார். பாத்ரூம் போனால் பீஸ் குறையும் என்பதால் மத்தியானம் வரைக்கும் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிவிட்டோம். எங்கள் செக்‌ஷனில் நீர்க்கடுப்பு வராத பெண் கிடையாது.

இவ்வளவுக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போக என் கைக்கு வருவது 11,200 ரூபாய். வாடகை 6,500. மெயின்டனன்ஸ் 300. கரண்டுக்கு 600, 700. மிச்சம் நாலாயிரம்கூட நிற்காது. அதில் நானும் மகளும் மாமியாரும் மாசம் முழுக்கச் சாப்பிட வேண்டும். காஸ், பால், தண்ணீர் கேன், மகளுக்கு நோட்டு, நாப்கின், ஊரில் ஒரு சாவு என்றால் பஸ் செலவு, கல்யாணம் என்றால் மொய். மாமியாருக்குக் கண்ணில் பிரஷர். காலை ஒரு சொட்டு, ராத்திரி ஒரு சொட்டு விட வேண்டும். பாட்டில் சீக்கிரம் தீர்கிறதே என்று அவராகவே ராத்திரி சொட்டை நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, "கண்ணு இப்ப நல்லாத்தான் தெரியுது, விடும்மா" என்றார். சொல்லும்போது அவர் பார்த்தது என் முகத்தை இல்லை, பக்கத்துச் சுவரை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. ரேஷன் அரிசி சும்மா வருகிறது. டவுன் பஸ்ஸில் எங்களிடம் காசு வாங்குவதில்லை. 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிறது. இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். ஆனால் அந்த ஆயிரம் வரத் தொடங்கிய சில மாசத்தில் எங்கள் லைனில் ஆறு வீட்டுக்கும் வாடகை ஐநூறு ஏறியது. "உங்களுக்குத்தான் கவர்ன்மென்ட்டு குடுக்குதே" என்று ஓனர் வாய்விட்டே சொன்னார். எனக்கு என்று வந்த பணத்தில் பாதி அவருடையதாகிவிட்டது. கேட்க எந்தச் சட்டம் இருக்கிறது? எந்த ஆபீசில் போய் மனு கொடுப்பது?

கரண்டும் அப்படித்தான். வீட்டு இணைப்புக்கு முதல் நூறு யூனிட் இலவசம் என்று 2016லிருந்து இருக்கிறது. எங்களுக்கு முதல் யூனிட்டே பத்து ரூபாய். ஆறு வீட்டுக்கும் ஒரே கனெக்‌ஷன், ஆளுக்கு ஒரு சப் மீட்டர். கார்டு அவர் பேரில். எங்களுக்கு என்று கோட்டையில் அறிவித்த எதுவும் எங்கள் கதவுக்குள் வருவதற்கு முன்னால் அவர் வாசலைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது.

இந்த வீட்டுக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. ஏன் வந்தேன் என்று சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஒரு அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டி. ஏஜென்சி மூலமாக வேலை. பன்னிரண்டு மணி நேர டியூட்டிக்கு எட்டு மணி நேரக் கூலி. ஞாயிறும் கிடையாது, பொங்கலும் கிடையாது. வராத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. 2022ல் ஒரு மாசத் தொடக்கத்தில் நெஞ்சு கரிக்கிறது, கை கடுக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் கெஞ்சினேன். "அஞ்சாந்தேதி வாடகையைக் குடுத்துட்டுப் போலாம், ஒரு டியூட்டி போச்சுன்னா நானூறு ரூபா குறையும்" என்றார். நாலாம் தேதி ராத்திரி கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நானூறு ரூபாய்! வாடகையில் நானூறு ரூபாய் குறையக் கூடாது என்று உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்த மனுஷன்.

அது மட்டுமென்றால் விதி என்று அழுது முடித்திருப்பேன். அரசு ஆஸ்பத்திரி மார்ச்சுவரி வாசலில் நின்றுகொண்டு அப்போது நாங்கள் இருந்த வீட்டின் ஓனருக்குப் போன் போட்டேன். அந்த வீட்டில் ஒன்பது வருஷம் குடியிருந்தோம். ஒரு மாசமும் வாடகை பாக்கி வைத்ததில்லை. அவர் பெண் பிரசவத்துக்கு வந்தபோது பத்தியச் சமையலுக்கு நான் போய் நின்றேன். அவர் சொன்னார்: "பாடிய இங்க கொண்டாராதம்மா. கீழ கைக்கொழந்த இருக்குது. அப்புறம் யாரும் இந்த வீட்டுக்குக் குடி வர மாட்டாங்க. நேரா எடுத்துக்கிட்டுப் போயிருங்க. தப்பா நெனச்சுக்காத." கோபமாகச் சொல்லவில்லை. தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

செஞ்சிப் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரருடைய சொந்தக்காரர்கள் வரும் வரைக்கும் ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்றது. மாமியார் பெற்ற பிள்ளையின் முகத்தை வண்டிக்குள் குனிந்து பார்த்தார். குளிப்பாட்ட ஒரு குடம் தண்ணீருக்கு இடம் இல்லை. வாசலில் ஒரு பந்தல் இல்லை, பறை இல்லை, பெண்கள் கட்டிப்பிடித்து அழ ஒரு திண்ணை இல்லை. டிரைவர் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார், வெயிட்டிங் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அங்கிருந்து நேரே சுடுகாடு. பத்து மாச அட்வான்ஸ் அந்த ஓனரிடம் கிடந்தது. அலமாரியில் அந்த மாச வாடகை 4,500 ரூபாயை இவர் எண்ணி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். ஒன்பது வருஷம் வாடகை வாங்கின கைக்கு, அரை நாள், ஒரே ஒரு அரை நாள் அந்த உடம்பை உள்ளே விட மனசு வரவில்லையா? நாங்கள் கொடுத்த காசு எதற்கு? உயிரோடு இருக்கும்போது தூங்க மட்டும்தானா? செத்தால் நாங்கள் யார்? காரியம் முடிந்த மறுநாள் அந்த 4,500 ரூபாயைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். எண்ணித்தான் வாங்கினார்.

ரெண்டு மாசத்தில் வீடு வேண்டும் என்றார். பையனுக்குக் கல்யாணம் என்றார். புருஷன் இல்லாதவள் எப்படி வாடகை கொடுப்பாள் என்பதுதான் காரணம், அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குடி வந்தபோது கொடுத்த 40,000 அட்வான்ஸில் பெயின்ட்டுக்கு ஒரு மாச வாடகை, குழாய்க்கு, சுவரில் ஆணி அடித்த ஓட்டைக்கு என்று கழித்து 31,000 கொடுத்தார், அதுவும் அடுத்த ஆளிடம் அட்வான்ஸ் வாங்கிய பிறகு. ஆணி எதற்கு அடித்தோம்? என் மகள் ஸ்கூல் பையை மாட்ட.

வீடு தேடிப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். கள்ளிக்குப்பம், மேனாம்பேடு, பாடி, கொரட்டூர் என்று ஞாயிற்றுக்கிழமை எல்லாம் டு-லெட் போர்டு பார்த்துக்கொண்டு நடந்தோம். "சார் எங்க வேலை பாக்குறாரு?" சார் இல்லை என்றதும் முகம் மாறும். "எத்தனை பேரு? சொந்தக்காரங்க வந்து தங்குவாங்களா? தண்ணி நெறைய செலவு பண்ணுவீங்களா? கறி சமைப்பீங்களா?" கடைசியில், குரலைத் தாழ்த்தி, "நீங்க எந்த ஆளுங்க?" என் மகள் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டார்கள். எதைச் சொன்னால் கதவு திறக்கும் என்று அவள் என் முகத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பிள்ளை. அந்தப் பார்வைக்கு யார் பதில் சொல்வது?

கடைசியில் கிடைத்ததுதான் இந்த லைன் வீடு. ஒரு ரூம், ஒரு கிச்சன், ஆறு வீட்டுக்கு ரெண்டு கக்கூஸ். அன்றைக்கு வாடகை 5,500, அட்வான்ஸ் 55,000, புரோக்கருக்கு ஒரு மாச வாடகை. கையில் வந்த 31,000 போக மிச்சத்துக்குக் கம்மலை அடகு வைத்தேன், மகளிர் குழுவில் லோன் எடுத்தேன். வருஷத்துக்கு 24 சதவீத வட்டி, வாரா வாரம் கட்ட வேண்டும். என் பணம் ஓனரிடம் வட்டியில்லாமல் கிடக்கிறது. அந்தப் பணத்துக்கு நான் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கொடுமை எந்தக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது?

ஓனர்கள் எல்லாரும் ராட்சதர்கள் என்று நான் சொல்லவில்லை. ரிட்டயர் ஆன பணத்தைப் போட்டு ரெண்டு போர்ஷன் கட்டி, அந்த வாடகையில் மருந்து வாங்கிச் சாப்பிடும் வயசானவர்களும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்களையும் எங்களையும் மோத விட்டுவிட்டு மேலே உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களிடம்தான் என் கேள்வி.

சங்கத்தில் ஒரு தோழர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. 1960ல் வந்த வாடகைச் சட்டத்தில் ஒரு மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று இருந்திருக்கிறது. யாரும் மதிக்கவில்லை. அதை எடுத்துவிட்டு 2017ல் புதுச் சட்டம் போட்டு 2019ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் மூன்று மாச வாடகைதான் அட்வான்ஸ். ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அந்தக் கட்டுப்பாடு கிடையாது என்று அந்த வாக்கியத்திலேயே ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். ஐயா, சட்டம் எழுதினவர்களே, சாமான் மூட்டையோடு தெருவில் நிற்கப் போகிறவள் என்னத்தை ஒப்புக்கொள்வாள், என்னத்தை மறுப்பாள்? பத்து மாசம் என்றால் சரி என்பாள். அக்ரிமென்ட் எழுதிப் பதிவு பண்ண வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. எங்கள் தெருவில் அக்ரிமென்ட் கேட்ட மறுநாள் வீட்டில் "சொந்தக்காரங்க வர்றாங்க." காகிதம் இல்லாதவர்களுக்கு எந்த ஆணையத்தில் என்ன பேச இருக்கிறது?

கூலி விஷயத்துக்கு வருகிறேன். குறைந்தபட்சக் கூலியை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது திருத்த வேண்டும் என்று 1948 சட்டம் சொன்னது. எங்கள் தையல் தொழிலுக்கு 2004ல் நிர்ணயித்த கூலியை 2014ல்தான் திருத்தினார்கள். உடனே முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த உயர்வு செல்லும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2016ல். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எந்த ஹவுஸ் ஓனராவது வாடகையை ஏற்ற யாருடைய தீர்ப்புக்காகவாவது காத்திருந்தாரா? அரிசிக்காரர் காத்திருந்தாரா? நாங்கள் மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும்?

1957ல் இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் முதலாளி, தொழிலாளி, அரசாங்கம் மூன்று பேரும் உட்கார்ந்து, கூலி என்றால் அதில் சாப்பாடு, துணி, வீட்டு வாடகை எல்லாம் அடங்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். அரசாங்கத்தின் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தில் மிகச் சிறிய வீட்டுக்கு என்ன வாடகையோ, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எழுதினார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2019ல் புதுக் கூலிச் சட்டம் வந்தது. அதற்காக 2020ல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதியில் என்ன இருந்தது தெரியுமா? ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,700 கலோரி. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 66 மீட்டர் துணி. வாடகைக்கு, சாப்பாட்டுக்கும் துணிக்கும் ஆகிற செலவில் பத்து சதவீதம்.

பத்து சதவீதம். சாப்பாட்டுக்கும் துணிக்கும் மாசம் 12,000 என்று தாராளமாகப் போட்டாலும் வாடகை 1,200 ரூபாய். இந்தச் சென்னைப் பட்டணத்தில் 1,200 ரூபாய்க்கு எந்த வீடு? எந்த ஏரியா? அந்த விதியை எழுதியவர் காட்டட்டும், நாளைக்கே சாமானை ஏற்றிக்கொண்டு போகிறேன். கலோரியை எண்ணத் தெரிந்தவர்களுக்கு, துணியை மீட்டர் போட்டு அளக்கத் தெரிந்தவர்களுக்கு, டு-லெட் போர்டில் இருக்கும் நம்பருக்கு ஒரு போன் போட்டு வாடகை என்ன என்று கேட்கத் தெரியாதா?

தெரியும். தெரியாமல் இல்லை. ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி 2017ல் அதே மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு வீட்டு வாடகைப்படி நிர்ணயித்தது. சென்னை மாதிரிப் பெரிய நகரத்தில் கடைசி நிலை ஊழியருக்கும் மாசம் 5,400 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று ஆணை போட்டது. நல்லது, அவர்கள் வாங்கட்டும், அவர்களும் உழைக்கிறவர்கள்தான், அவர்களிடம் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் இந்த ஊரில் தலை சாய்க்க எவ்வளவு ஆகும் என்று அரசாங்கத்துக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது என்பதற்கு அந்த ஆணையே சாட்சி. தெரிந்துகொண்டே எங்களுக்குப் பத்து சதவீதம் என்று எழுதியிருக்கிறார்கள். இது எப்படி அறியாமை ஆகும்? இது துரோகம் இல்லையா?

குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது கட்டாய உழைப்பு என்று 1982ல் உச்ச நீதிமன்றம், டில்லி ஆசிய விளையாட்டுக்குக் கட்டடம் கட்டிய தொழிலாளர் வழக்கில் சொன்னது. என் வீட்டுக்காரரிடம் பன்னிரண்டு மணி நேரம் வாங்கிக்கொண்டு எட்டு மணி நேரத்துக்குக் கொடுத்தார்களே, அதற்கு என்ன பெயர்? அவர் செத்த பிறகு அந்த ஏஜென்சிக்காரர், "பி.எஃப். கட்டலம்மா, அவருதான் வேணான்னாரு" என்று சொன்னாரே, அதற்கு என்ன பெயர்? குறைந்தபட்சக் கூலியே வீட்டை விட்டுவிட்டுக் கணக்குப் போட்ட கூலி என்றால், அதை ஒழுங்காகக் கொடுத்தால் மட்டும் அது நியாயம் ஆகிவிடுமா?

ஊருக்கு வெளியே போய் இருக்கக் கூடாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. கூவம் கரையிலிருந்தும் கால்வாய் ஓரத்திலிருந்தும் கிளப்பிக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பினார்களே, அந்தப் பெண்களைக் கேளுங்கள். வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் ரெண்டு பஸ் மாறி வர முடியாமல் வேலையை விட்டார்கள். வேலை இருக்கும் இடத்தில் வீடு கிடையாது, வீடு கொடுக்கும் இடத்தில் வேலை கிடையாது.

எனக்கு வயசு நாற்பத்தி மூன்று. கண் மங்கத் தொடங்கிவிட்டது, ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிடுகிறேன். ஐம்பத்தெட்டு வயசில் பி.எஃப். பென்ஷன் வரும் என்கிறார்கள். அந்தப் பென்ஷனுக்குக் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014ல் நிர்ணயித்தார்கள். என் மாதிரிச் சம்பளக்காரிக்கு அதைவிட எவ்வளவு கூட வரும்? அன்றைக்கு இந்த ரூமுக்கு வாடகை என்ன இருக்கும்? நான் எங்கே படுப்பேன்? நர்ஸிங் படிக்க வேண்டும் என்கிறாள் மகள். கம்பெனியில் ஹெல்பராகச் சேர்த்துவிடு, ரெண்டு சம்பளம் வந்தால் வாடகைக்குக் கவலை இல்லை என்கிறார்கள் பக்கத்து வீட்டில். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் அந்தப் பேச்சு எனக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நியாயம் மாதிரி ஆகிக்கொண்டு வருகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. என் மகளின் படிப்பை வாடகையாகக் கேட்கிறது இந்த ஊர்.

இதைப் படிக்கிறவர்களில் கூலி நிர்ணயக் குழுவில் உட்காருகிறவர்கள் யாராவது இருந்தால், அடுத்த கூட்டத்துக்குப் போவதற்கு முன் அம்பத்தூரிலோ திருப்பூரிலோ ஒரு லைன் வீட்டின் வாடகையைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். அந்த எண்ணைக் கூலிக்குள் வையுங்கள். அட்வான்ஸ் சட்டத்தில் இருக்கும் அந்தச் சந்து வழியை அடைத்துவிடுங்கள். எக்ஸ்போர்ட் முதலாளிகளே, வெளிநாட்டுக்காரன் விலையைக் குறைக்கிறான் என்று எங்களிடம் சொல்கிறீர்களே, எங்கள் ஓனர் வாடகையைக் குறைப்பதில்லை என்று அவனிடம் ஒரு தடவையாவது சொன்னீர்களா?

வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்களிடம் கடைசியாக ஒன்று கேட்கிறேன். கரண்டு பில்லை அப்படியே காட்டி அதில் எங்கள் பங்கை வாங்குங்கள். வாடகைக்கு ரசீது கொடுங்கள். உங்கள் வீட்டில் குடியிருக்கும் யாராவது செத்துப்போனால், அந்த உடம்பை அரை நாள் உள்ளே கொண்டுவர விடுங்கள். அந்த மாச வாடகையை அவர் எடுத்து வைத்துவிட்டுத்தான் செத்திருப்பார்.